மடிப்பில் தேங்கும் உப்பு

பரங்கிப்பேட்டையில் மடக்குக் கத்தி வைத்துப் புழங்கியவர்களுக்கு அதன் ஆயுள் எந்த இடத்தில் முடியும் என்பது தெரியும். அலகு தேய்ந்து தீர்ந்த கத்தியை இங்கே காண்பது அரிது. பிடி முறிந்த கத்தியும் அரிதுதான். அலகும் பிடியும் சேரும் கீலில், ரிவிட் அடித்த அந்த ஒரு புள்ளியில், முதலில் கரகரப்பு தட்டும். பிறகு திறப்பதற்கு நகம் போதாமல் குறடு தேட வேண்டிவரும். கடைசியில் அலகு பாதி திறந்த நிலையிலேயே இறுகிப்போகும். நல்ல கூர் மிச்சமிருக்கும்போதே கத்தி பரணுக்குப் போய்விடும். என் நினைவில் இருக்கும் மடக்குக் கத்திகள், மலிவானவையும் விலை கூடியவையும், பெரும்பாலும் இப்படி ஓய்ந்தவையே. ஆகவே எனக்குப் பிரியமான இந்தக் கருவியில் என்ன திருத்தம் வேண்டும் என்று கேட்டால், நான் சொல்வது ஒரே ஒரு கோரிக்கையின் கிளைகளாகத்தான் இருக்கும். வைத்திருப்பவரே அதைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி பூட்டிக்கொள்ள முடியவேண்டும். இதற்கு உதவும் மாற்றம் எதுவும் வரவேற்கத்தக்கது. இதற்குக் குறுக்கே நிற்கும் மாற்றம், எவ்வளவு பகட்டாக இருந்தாலும், கடற்கரைக்கு ஆகாது.

நான் சொல்லும் கத்தி எளிய வகை. மரப்பிடி, ஓர் அலகு, ஒரு ரிவிட், அவ்வளவுதான். வலை நூலை நறுக்குவது, சாக்குத் தையலைப் பிரிப்பது, ஐஸ் பெட்டியைச் சுற்றிய டேப்பைக் கிழிப்பது, நண்டின் கொடுக்கைக் கட்டிய கயிற்றை வெட்டுவது, மத்தியானத்தில் மாங்காயைக் கீறுவது எல்லாம் அதற்கு ஒரே வேலைதான். உலகம் முழுவதும் உழவர்களும் மீனவர்களும் வைத்திருந்த இந்த வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம், பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்த கத்தி. உள்ளூர் விவசாயிகளுக்காகப் பிறந்த அது பிறகு உலகமெங்கும் போயிற்று. அதன் வரலாற்றில் என் வாதத்துக்கு வேண்டியது ஒரு செய்தி. அறுபது ஆண்டுக்கு மேல் எல்லோரும் விரும்பி வாங்கிய அந்தக் கத்தியில், வெட்டும்போது அலகு விரல் மேல் மடிந்துவிடும் ஆபத்து இருந்தது. 1955-இல் மார்செல் ஓப்பினெல் பிடியின் கழுத்துப் பட்டையைச் சுற்றி ஒரு உலோக வளையத்தைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு மடியாது. 2000-இல் அதே வளையம், மூடிய கத்தி சட்டைப்பையில் தானாகத் திறந்துவிடாமலும் பூட்டும்படி திருத்தப்பட்டது. கத்தியின் முகம் மாறவில்லை, விரல் மட்டும் தப்பியது. நேசிக்கும் பொருளைத் திருத்துவது அதற்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. மலையில் பிறந்த கத்திக்கு வளையம் தேவைப்பட்டது போல, கழிமுகத்தில் புழங்கும் கத்திக்கு வேறொரு திருத்தம் தேவைப்படுகிறது.

அது ஏன் என்பதற்கு இந்த ஊர்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் உவர்ப்பு ஆண்டு முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது கழிமுகத் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிறது. கோடையில் அதே இடம் கடலுக்கு இணையாகிறது, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அமைந்ததற்கு, கடலும் ஆறும் உப்பங்கழியும் அலையாத்திக் காடும் ஒரு நடை தூரத்துக்குள் கலந்து கிடப்பது ஒரு காரணம். உயிர்களுக்கு வளமான இந்தக் கலவை இரும்புக்குக் கொடியது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் இரும்பு, எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் இரும்பைவிட வேகமாக அரிக்கப்படும். காயும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. திறந்த அலகில் படியும் உப்பை வேட்டி முனையால் துடைத்துவிடலாம். ரிவிட்டுக்கும் அலகுக்கும் நடுவே, தாள் நுழையாத இடுக்கில் புகுந்த உப்பை எந்தத் துணியும் தொடாது. ஊரில் சட்டைப்பையில் இருக்கும் கத்திக்கு வேர்வையின் உப்பும் சேர்கிறது. கடலுக்கே போகாதவரின் கத்தியும் கீலில் இறுகுவதற்கு இதுவே காரணம்.

எவர்சில்வர் அலகு போட்டால் தீராதா என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. நியாயமான கேள்வி. 1913-இல் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு துருவுக்கு அசையாமல் நிற்பதைக் கண்டார். அந்த உருக்கு முதலில் போய்ச் சேர்ந்த பொருள்களில் சாப்பாட்டு மேசைக் கத்தியும் ஒன்று. ஆனால் அந்தக் காப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தின் மேல் பரவுகிறது. கீறல் விழுந்தால் ஆக்சிஜன் கிடைக்கும் வரை அந்தப் படலம் தன்னைத் தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைக் குத்திக் குத்தித் துளைக்கும். திறந்த இடத்தில் படலம் மறுபடி வளர்ந்து தாக்குப்பிடிக்கிறது. குறுகிய இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனால், படலம் வளர வழியில்லை. அங்கே தண்ணீர் மெல்ல அமிலமாகவும் மாறும். அரிப்பு உள்ளுக்குள்ளேயே குழி பறித்துக்கொண்டு போகும். இதை இடுக்கு அரிமானம் என்கிறார்கள். மடித்த கத்தி என்பதே இடுக்குகளால் ஆன பொருள். ஆகவே உருக்கை உயர்த்துவது நோயைத் தள்ளிப்போடும், தீர்க்காது. கரிமத்தைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த புதுவகை உருக்குகள் கடல் கத்திகளுக்காக வந்திருக்கின்றன. அவை துருவை மிக நன்றாக எதிர்க்கின்றன. ஆனால் கீலில் சேரும் மணலையும் மீன் செதிலையும் காய்ந்த உப்பையும் எந்த உருக்காலும் வெளியேற்ற முடியாது. அந்த வேலையைத் தண்ணீரும் ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும்தான் செய்ய வேண்டும். அதற்குக் கீல் திறக்க வேண்டும்.

எனவே முதல் திருத்தம் ரிவிட்டை எடுத்துவிட்டு அங்கே திருகாணி வைப்பது. திருகாணியின் தலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு அகலமான பள்ளம் வேண்டும். நட்சத்திரத் தலையோ அறுகோணத் தலையோ வைத்தால், அதைத் திறக்கும் சாவி அன்னங்கோயில் துறையிலும் முடசல் ஓடையிலும் யார் கையிலும் இருக்காது. நாணயம் எல்லோரிடமும் இருக்கும். திருகாணி தானாகத் தளர்ந்துவிடும் என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். அலகு திரும்பும்போது தண்டும் கூடவே திரும்பினால் அது தளரத்தான் செய்யும். தண்டின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, பிடியின் துளையையும் அதே வடிவில் அறுத்துவிட்டால், அலகு மட்டும் சுற்றும், தண்டு நிற்கும், தலையும் அசையாது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரித்துக் கழுவும்படி செய்த கத்திகளில் ஏற்கெனவே இருக்கும் வழக்கம். அப்படியும் தளர்ந்தால் அதே நாணயத்தால் இறுக்கிக்கொள்ளலாம். ரிவிட்டும் நாளடைவில் தளரத்தான் செய்கிறது. அப்போது பட்டறையைத் தேடிப் போய்ச் சுத்தியலால் தட்டவேண்டியிருக்கிறது, சற்று அதிகம் தட்டினால் அலகு திரும்பாமல் பிடித்துக்கொள்கிறது. கழற்றும்போது திருகாணி படகில் விழுந்து தொலைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. கழற்றும் வேலை கரையில், வீட்டுத் திண்ணையில் செய்யவேண்டியது. கடலில் அது வெறும் கத்தியாகவே இருக்கட்டும். மேலும், அளவு கடைத்தெருவில் கிடைக்கும் பொது அளவாக இருந்தால் தொலைந்ததை வாங்கிப் போட முடியும்.

இரண்டாவது திருத்தம் பிடியில். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒரே மரக்கட்டையில் குறுகலாக அறுத்த காடியில் அலகு உட்கார்ந்திருந்தால், மழைக்காலத்தில் காடியின் இரு சுவர்களும் அதை நெரிக்கும். திறக்க முடியாத கத்திக்குக் காரணம் பாதி துரு என்றால் மறுபாதி இந்த நெரிசல். மரத்தையே விட்டுவிட்டு நார் கலந்த நைலானுக்கு மாறலாம் என்பது எளிய தீர்வு. அது உப்பாது, அழுகாது, பளிச்சென்ற நிறத்திலும் வார்க்கலாம், படகின் அடியில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் மரத்துக்காக நான் வாதாடுவேன். நனைந்த கையில் மரம் வழுக்காது. தேய்ந்த மரப்பிடியைத் தச்சர் யாரும் ஒரு மாலையில் மாற்றித் தர முடியும், வார்த்த பிடியை அப்படி மாற்ற முடியாது. உடையவரே சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற நம் அளவுகோல் மரத்தின் பக்கம்தான் சாய்கிறது. காடியைச் சற்று அகலமாக்கி, அலகின் இரு பக்கமும் மெல்லிய வாஷர் வைத்துவிட்டால், மரம் உப்பினாலும் அலகைத் தொடாது. வாஷர் பித்தளையில் இருந்தால் அழகுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் பித்தளையும் உருக்கும் ஒட்டியிருந்தால் அவற்றுக்கு நடுவே சிறு மின்கலம் உண்டாகி, அரிபடுவது உருக்காக இருக்கும். நைலான் வாஷர் போதும். காடியின் அடிக்கோடியில் ஒரு வடிகால் துளை வேண்டும். நிமிர்த்திப் பிடித்து உதறினால் தண்ணீரும் மணலும் அதன் வழியே இறங்கிவிடும். அதே துளையில் இடுப்புக் கயிற்றையும் கோத்துக்கொள்ளலாம். பிடி வலுவிழந்துவிடாதா என்றால், சுமை விழுவது கீலுக்கு அருகில். கோடியில் ஒரு துளை அதைப் பாதிக்காது.

மூன்றாவது, அலகின் வடிவம். கடைகளில் கிடைக்கும் மடக்குக் கத்திகள் பெரும்பாலும் ஈட்டிபோல் கூர்முனை கொண்டவை. ஆடும் படகில், ஈரக் கையில், பக்கத்தில் ஆள் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது கூர்முனை ஆபத்து. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளின் மடக்குக் கத்திகளில், முதுகு வளைந்து வந்து வெட்டுவாயோடு சேர்ந்து, முனை மழுங்கிய நேர் அலகு வழக்கமாக இருந்ததற்கு இதுவே காரணம். கயிற்றின் மேல் அலகை வைத்து அழுத்தும்போது வெட்டுவாய் முழுவதும் வேலை செய்வதும் அந்த வடிவத்தில்தான். மீன் கிழிக்க முனை வேண்டாமா என்று கேட்பார்கள். மீன் கிழிக்க நம்மிடம் அரிவாள்மனை இருக்கிறது. அந்த வேலையில் அதற்கு ஈடான கருவி உலகில் குறைவு. சட்டைப்பைக் கத்தி அதோடு போட்டியிட வேண்டியதில்லை. இங்கேயே இன்னொரு பரிந்துரையையும் எடுத்துக்கொள்ளலாம். நைலான் கயிற்றை அறுக்க, அலகில் ரம்பப் பல் வைக்கவேண்டும் என்பார்கள். அறுபடும் என்பது உண்மை. ஆனால் ரம்பப் பல் மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரத்தில் அதைக் கூராக்க முடியாது, வீட்டு அம்மிக் கல்லிலும் முடியாது. கழுவவும் அதுவே சிரமம், பல்லிடுக்கில் நார் தங்கும். ஆகவே என் அளவுகோலின்படி அது வேண்டாம். நேர் வெட்டுவாயைச் சொரசொரப்பான கல்லில் தீட்டி, மினுக்காமல் விட்டுவிட்டால் நுண்ணிய பற்கள் தாமே அமைகின்றன. நைலானையும் அது கவ்வி அறுக்கும்.

கூராக்குவது எளிதாக இருக்கவேண்டும் என்பதால் அலகின் உருக்கையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் சான்று நம் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மேல்சிறுவலூரில், மூசையில் உருக்கு காய்ச்சிய இடத்தின் எச்சங்களை சாரதா சீனிவாசன் ஆய்ந்து வெளியிட்டார். உலகம் வூட்ஸ் என்று அழைத்த, கரிமம் மிகுந்த தென்னிந்திய உருக்கு அது. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்காக ஜார்ஜ் பியர்சன் அந்த வகை உருக்கை ஆராய்ந்தபோது, ஸ்டோடார்ட் என்ற கருவி செய்பவர் அதை ஒரு பேனாக்கத்தியாக அடித்துப் பார்த்தார். கூர் மிகச் சிறந்த கத்திகளுக்கு இணையாக இருந்தது. அடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த இரட்டை முடிவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உருக்கின் மேன்மையைக் கூரால் மட்டும் அளக்கக்கூடாது, அதைக் கையாள்பவரின் உழைப்பாலும் அளக்கவேண்டும் என்பதை அந்தச் சிறு கத்தியே சொல்லிவிட்டது. இன்று வனேடியம் முதலியவை கலந்த கடின உருக்குகள் வாரக்கணக்கில் கூர் மங்காமல் நிற்கின்றன. மங்கியபின் வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் அவற்றை மீட்பது கடினம். ஏறத்தாழ 13, 14 சதவீதம் குரோமியமும் அரை சதவீதக் கரிமமும் கொண்ட எளிய உருக்கு அடிக்கடி மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் சில நிமிடத்தில் திரும்பிவரும். கடற்கரைக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

இவ்வளவு பெரிய பேச்சு ஒரு திருகாணிக்கும் வாஷருக்கும் வடிகால் துளைக்கும் தேவையா என்று தோன்றலாம். கத்தியின் முன்னேற்றம் பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில்தான் நடந்திருக்கிறது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாதுவை இங்கே கொண்டுவந்து, விறகுக்கரியில் உருக்கினார்கள். இரும்பு நல்ல தரம். ஆனால் உலை கேட்ட கரிக்குக் காடுகள் ஈடுகொடுக்கவில்லை. செலவு வருமானத்தை விழுங்கியது, ஆலை நிலைக்கவில்லை. இங்கிலாந்துக்குப் போன ஹீத், 1839-இல் ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் உருக்குக் காய்ச்சும்போது 1 முதல் 3 சதவீதம் மாங்கனீஸ் கார்பைடு சேர்ப்பது, அவ்வளவுதான். அதற்குப் பின் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல மூசை உருக்கு வந்தது. அந்த உருக்கைத் தேனிரும்போடு பற்றவைக்கவும் முடிந்தது. கத்திக்கு இது பெரிய மாற்றம். அலகு உருக்கிலும், பிடிக்குள் போகும் வால் இரும்பிலுமாகச் செய்து இரண்டையும் ஒட்ட வைக்கலாம். ஹீத்துக்கு இதனால் செல்வம் வரவில்லை. அவருடைய முறையைச் சற்றே மாற்றிப் பிறர் பயன்படுத்த, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. அவர் 1851-இல் இறந்தார், பிரபுக்கள் சபை 1855-இல் அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஷெஃபீல்டின் கத்திகள் அந்த ஒரு பிடி மாங்கனீசால் மாறிவிட்டன. வாங்கியவர் யாரும் கத்தியைப் பார்த்து அதைக் கண்டுகொண்டிருக்க முடியாது. பகட்டான புது அலகையும் வேலைப்பாட்டுப் பிடியையும் விட, மூட்டில் செய்யும் சிறு மாற்றம் பெரிய பலன் தரும் என்று நான் சொல்வதற்கு இதுவே எனக்குப் பெரிய ஆதாரம்.

கத்தியைச் செம்மைப்படுத்துவது வன்முறைக்குத் துணைபோவதாகாதா என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் மடக்குக் கத்திக்குச் சினிமாவும் ரவுடிகளும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்கித் தந்ததையும், அதனால் அங்கே கத்தி செய்தவர்களின் தொழில் நலிந்ததையும் நாம் அறிவோம். ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளையே கட்டுப்படுத்துகின்றன. வீட்டு, விவசாய, தொழில் கருவிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. நான் கேட்கும் கத்தி 3 அங்குலத்துக்குள் அடங்குவது, முனை இல்லாதது, பொத்தானை அழுத்தினால் பாயாதது, இரண்டு கையால் திறந்து, ஓப்பினெல் கத்தியைப் போல வளையத்தைத் திருப்பிப் பூட்டவேண்டியது. நான் சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் அதை ஆயுதத்திலிருந்து ஒரு படி விலக்கி, கருவிக்கு ஒரு படி அருகில் கொண்டுவருகிறது.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது, அதுவே எல்லாவற்றிலும் கனமானது. இறுகிப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம், மலிவாகத்தானே கிடைக்கிறது என்பார்கள். மலிவுக் கத்தியை மழைக்கு ஒன்றும் கோடைக்கு ஒன்றுமாக வாங்குபவர், கணக்குப் பார்த்தால் நல்ல கத்தியின் விலையைச் சில ஆண்டிலேயே கொடுத்துவிடுகிறார். அதற்குமேல், நன்றாக இருக்கும் அலகை ஒரு ரிவிட்டின் குற்றத்துக்காகக் குப்பையில் போடுகிறார். திருகாணிக் கத்தி சற்றே கூடுதல் விலையில் வரும், ஆனால் வாஷரும் பிடியும் தனித்தனியே மாற்றத்தக்கவை என்பதால் அந்த விலை ஒருமுறைதான். இதைச் செய்ய வெளிநாட்டுத் தொழிற்சாலை வேண்டியதில்லை. தட்டைத் தண்டுத் திருகாணியைக் கடைவது கடலூர் சிப்காட்டின் சிறு பட்டறைக்கோ சிதம்பரத்துத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கோ எளிய வேலை. உப்புக்கு எது தாங்கும் என்பதைச் சோதிக்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் போன்ற அரிமானத் துறை அறிவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், செய்து பார்த்த கத்திகளை ரிவிட் கத்திகளோடு சேர்த்துத் துறையில் வேலை செய்பவர்களிடம் கொடுத்து, ஒரு கோடையும் ஒரு பருவமழையும் புழங்கவிட்டு, எதன் கீல் திரும்புகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கருவியைக் கையாள்பவர் அதன் உள்ளே பார்க்கவும் உள்ளே இருப்பதைச் சரிசெய்யவும் உரிமை உள்ளவர். அந்த உரிமையை வடிவமைப்பிலேயே தருகிற கத்திதான், இந்தக் கரையில் வேலை செய்பவருக்குக் கொடுக்கத் தகுந்த கத்தி.